நீ முன்னால போ

கல்யாணம் ஆன நாளிலிருந்து முன்னால் நடந்தே பழகிய மனுஷன் இப்போது எதற்காகப் பின்னால் வருகிறார் என்பதுதான் கலாமணிக்குப் பிடிபடவில்லை. பள்ளிக்கூட மைதானத்தின் கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்கூட்டரை நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "நீ முன்னால போ அம்மிணி, நான் வர்றேன்" என்றார் குழந்தைவேலு. நேற்றும் இதையேதான் சொன்னார். இந்த நடைக் கூத்து ஆரம்பித்த முதல் நாளும் இதையேதான் சொன்னார். நீ முன்னால போ. என்னத்துக்கு? இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது இந்த வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்திருக்குமா? கடைவீதிக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் ஒறம்பரைச் சொந்தக்காரர் வீட்டு எழவுக்குப் போனாலும் அவர் முன்னால், அவள் பின்னால். அவளுடைய அப்பாவும் அப்படித்தான் நடந்தார், சித்தப்பாமார்களும் அப்படித்தான் நடந்தார்கள், அதனால் அதைக் குற்றமென்று சொல்ல அவளுக்குத் தோன்றியதே இல்லை. மகள் யாழினி பிறந்த அன்றைக்கு, வலி எடுத்து ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினபோதுகூட, இந்த மனுஷன் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டு, அப்புறம்தான் ஞாபகம் வந்தவராட்டம் திரும்பிப் பார்த்து, "என்ன, வர்றியா?" என்று கேட்டார். வராமல் எங்கே போவாள்? அந்த முதுகை அவள் அவருடைய முகத்தைவிட நன்றாக அறிவாள். இடது தோள் லேசாக இறங்கியிருக்கும், கழுத்துக்குக் கீழே ஒரு மடிப்பு விழும், கோபமாக இருந்தால் வலது கை மட்டும் வேகமாக வீசும். அந்த முதுகு இல்லாமல் முன்னால் வெறும் மண்தரை கிடந்தது. பார்க்க ஒன்றும் இல்லையென்றால் மனசு சும்மா இருக்கிறதா? பின்னால் வருகிறவருடைய கண் இப்போது எங்கே இருக்கும் என்று அது நோண்ட ஆரம்பித்துவிட்டது.

எல்லாம் இந்தக் காலில் மாட்டியிருக்கிற சனியனில்தான் தொடங்கியது. போன வாரம் ஆபீசிலிருந்து வரும்போது ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார். திறந்தால் ஷூ. பொம்பளைகள் போடுகிற ஷூ, ஓரத்தில் ஊதாக் கோடு போட்டது. ஒரு முழம் பூ வாங்கிவரச் சொன்னால், "நீயே வாங்கிக்கோயேன், எனக்கென்ன தெரியும் மல்லியும் முல்லையும்" என்கிற மனுஷனுக்கு அவளுடைய கால் அளவு எப்படித் தெரிந்தது? கேட்டாள். "பழைய செருப்ப எடுத்துட்டுப் போயிக் காட்டுனேன்" என்றார். செருப்பை எடுத்துக்கொண்டு போய்! அதை ஒரு பையில் போட்டு, ஆபீசுக்கு எடுத்துப் போய், சாயங்காலம் வரைக்கும் மேசைக்கு அடியில் வைத்திருந்து, கடைக்காரனிடம் காட்டி வாங்கி வந்திருக்கிறார். இத்தனை பாடு ஒரு மனுஷன் சும்மா படுவானா? "காலைல நாம ரெண்டு பேரும் நடக்கறோம். சாப்பாட்டையும் மாத்தறோம். ஒடம்புன்னு ஒண்ணு இருக்குதல்ல" என்றார். ஒடம்பு. தீபாவளிக்கு நெருக்கத்தில்தானா இவருக்கு ஒடம்பு ஞாபகம் வரவேண்டும்? கலாமணியின் தையல் கடையில் வெட்டாத ஜாக்கெட் துணி மூட்டையாகக் குவிந்து கிடக்கிறது. லைனிங் வைத்தது, வைக்காதது, கழுத்துக்குப் பின்னால் ஜன்னல் மாதிரி ஓட்டை போடச் சொன்னது, நாளைக்கே வேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினது. விடியுமுன் எழுந்து சோறாக்கி, பாத்திரம் கழுவி, துணி துவைத்துப் போட்டு, கடையைத் திறந்து உட்கார்ந்தால் ராத்திரி அடைக்கும்வரை கழுத்து நிமிராது. மத்தியானச் சாப்பாட்டையே மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, இடது கையால் துணியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சாப்பிடுகிறவள் அவள். அவளிடம் வந்து காலையில் நடப்போம் என்றால்? "தீவாளி கழியட்டுமுங்க, பொறவு பாத்துக்கலாம்" என்று சொல்லிப் பார்த்தாள். அப்போது அவர் முகத்தில் ஒன்று வந்து போனது. கோபமில்லை. கோபமென்றால் அவளுக்குத் தெரியும். கெஞ்சுகிற மாதிரி ஒன்று. அதுதான் அவளை உறுத்தியது. குழந்தைவேலு கெஞ்சுகிற ஆளில்லை. கெஞ்சுகிறார் என்றால் எங்கேயோ தப்புச் செய்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்.

அப்புறம் சாப்பாடு. அதை நினைத்தாலே அவளுக்கு வயிறு எரிந்தது. பசியிலும் எரிந்தது, ஆத்திரத்திலும் எரிந்தது. தேங்காய் வேண்டாமாம். இந்தச் சீமையில் பிறந்துவிட்டுத் தேங்காய் வேண்டாம் என்றால் அப்புறம் என்னத்தைத் தின்பது? பொரியலுக்குத் தேங்காய், குழம்புக்குத் தேங்காய், ரசம் ஒன்றுதான் தப்பித்தது என்று வளர்ந்த நாக்கு. அரிசிம்பருப்புச் சோற்றில் நெய்யைக் குழி வெட்டி ஊற்றித் தின்கிற மனுஷன் இப்போது ராத்திரியில் சாமைக் கஞ்சியும் கொள்ளு ரசமும் குடிக்கிறார். அதுவும் ஒரு முணுமுணுப்பில்லாமல். முன்னெல்லாம் குழம்பில் ஒரு கல் உப்பு குறைந்தால் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "சொன்னாத்தானுங்க தெரியும்" என்று இவள் கேட்டுக் கேட்டு, கடைசியில் இவளே நக்கிப் பார்த்து உப்பைப் போட்டுக் கலக்கித் தருவாள். அந்த மனுஷன் இப்போது, "உப்பக் கொஞ்சம் கொறச்சே போடு, நல்லாத்தான் இருக்குது" என்கிறார். நல்லா இருக்கிறதா? அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. சப்பென்று, சீக்காளிக்கு வைத்த கஞ்சி மாதிரி. ஒரு ஆம்பிளை தன் நாக்கையே விட்டுக்கொடுக்கிறான் என்றால் அதற்கு ஈடாக அவனுக்கு வேறெங்கோ ஏதோ கிடைக்கிறது என்றுதானே கணக்கு. வேறெங்கே? அவள் நடந்தாள். ஷூவின் முனை சுண்டுவிரலைக் கடித்தது. தொடையும் தொடையும் உரசி, உள்பாவாடைக்குள் வேர்வை பிசுபிசுத்தது. பக்கத்தில் கைகளைக் கரகரவென்று தேய்த்துக்கொண்டே ஒரு பெரியவர் நடந்து போனார். இன்னொருவர் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றார், அதுவும் ஒரு பயிற்சியாம். காலங்கார்த்தாலே இந்த மைதானத்தில் நடக்கிற கூத்தைப் பார்த்தால் ஒழுங்கான ஆள் எவனும் உள்ளே வரமாட்டான் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குள் நேற்றைக்கு வாங்கின சிவப்புப் பட்டுத்துணிக்குக் கை அளவு எழுதினோமா இல்லையா என்று ஒரு பயம் குறுக்கே வந்தது. எழுதினது மாதிரித்தான் இருக்கிறது. இல்லாவிட்டால் அந்தம்மாவை மறுபடி கூப்பிட வேண்டும், அவள் கடைவாசலில் ஊரையே கூட்டிவிடுவாள்.

அளவு. அளவைப் பற்றி யாரும் கலாமணிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைவாசலில் ஒருத்தி செருப்பைக் கழற்றும்போதே போன தடவையைவிட இடுப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். யார் முழுகாமல் இருக்கிறாள், யார் புருஷனோடு சண்டை போட்டுச் சோறு தின்னாமல் கிடக்கிறாள், யாருக்குப் புதிதாக ஒரு சந்தோஷம் வந்திருக்கிறது, எல்லாவற்றையும் ஜாக்கெட் சொல்லிவிடும். அவளாக ஒருத்தியிடமும் கேட்டதில்லை. கேட்க வேண்டியதே இல்லை. அப்படிப்பட்டவளுக்குச் சொந்தப் புருஷனின் சட்டை தெரியாதா? இஸ்திரி போடும்போது அந்தக் காலர் சும்மா கிடக்கிறது. முன்பு மேல் பொத்தானைப் போட்டால் தொண்டையை இறுக்கும், இப்போது உள்ளே அவளுடைய ரெண்டு விரல் தாராளமாகப் போகிறது. தோள்பட்டைத் தையல் கீழே இறங்கிக் கையில் வந்து நிற்கிறது. "பிடிச்சுத் தரட்டுங்களா?" என்று கேட்டதற்கு, "இருக்கட்டும், காத்தோட்டமா இருக்குது" என்றார். இளைத்துக்கொண்டிருக்கிறார். அவள் சாமைக் கஞ்சி காய்ச்ச ஆரம்பிப்பதற்கு முன்னாலிருந்தே, யாருக்கும் சொல்லாமல், கமுக்கமாக, இளைத்துக்கொண்டிருக்கிறார். ஐம்பதைத் தாண்டின ஆம்பிளை எதற்கு இளைப்பான்? இதைக் கடையில் ஒருத்தி தன் புருஷனைப் பற்றிச் சொல்லியிருந்தால், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "எதுக்கும் ஒரு கண்ணு வெச்சுக்கோ சாமி" என்று கலாமணியே சொல்லியிருப்பாள். போதாததற்கு மாசாமாசம் அடிக்கிற தலைமுடிச் சாயத்தையும் நிறுத்திவிட்டார். அது முதலில் அவளுக்கு ஆறுதலாக இருந்தது, பொம்பளை விவகாரம் என்றால் சாயத்தைக் கூட்டத்தானே செய்வார் என்று. ஆனால் இப்போதெல்லாம் நரைத்த முடிதான் பிடிக்கிறதாம் சின்னவயசுக்காரிகளுக்கு, கடைக்கு வருகிற காலேஜ் பிள்ளைகள் பேசிக்கொண்டதை அவளே கேட்டிருக்கிறாள். ராத்திரியில் ரெண்டு தலையணையை அடுக்கி வைத்து, பாதி உட்கார்ந்த மாதிரி படுக்கிறார். கேட்டால் வாயு என்கிறார். வாயுவா? அவள் தூங்கிவிட்டாளா இல்லையா என்று நிமிர்ந்து பார்க்க வசதியாக இருக்கும் என்றுதான் அப்படிப் படுக்கிறார்.

தூரத்தில் ரோஸ் நிற முழுக்கால் சட்டை தெரிந்தது. வந்துவிட்டாள். ஹேமலதா. மின்சார ஆபீசில் குழந்தைவேலுவின் செக்‌ஷனுக்கு ஆடி மாசம் மாற்றலாகி வந்தவள். முதல் நாள் இதே மைதானத்தில், "அக்கா, வணக்கமுங்க, நான் சார்கூட வேல செய்யறேன்" என்று அவளாகவே வந்து சொன்னாள். ஒட்டின வயிறு, நீளக் கழுத்து, எந்தத் துணியையும் கெடுக்காமல் ஏற்றுக்கொள்கிற தோள். இவளுக்கு அளவெடுக்க ஆசைப்படாத தையல்காரி இருக்கமுடியாது என்று கலாமணி நினைத்தாள், அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டாள். ஊரில் இத்தனை மைதானம் இருக்க, பூங்கா இருக்க, கால்வாய்க்கரை இருக்க, இந்தம்மா நடக்கிற இடத்துக்குத்தான் இவர் கூட்டிக்கொண்டு வரவேண்டுமா? முதலில் இவர் தனியாக வர நினைத்திருப்பார், தனியாக வந்தால் ஊர் பேசும், பெண்டாட்டியைக் கூட்டி வந்தால் ஒரு பயல் வாயைத் திறக்கமாட்டான். ஷூ வாங்கினதன் ரகசியம் அதுதான். அவளை முன்னால் அனுப்பிவிட்டால் பின்னால் என்ன நடந்தால் அவளுக்கென்ன தெரியும்? நேற்றுக் காலையில் நடந்துவிட்டு வந்து துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனபோது, தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப்பக்கம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். "இல்லீங்க, வீட்ல ஒண்ணும் சொல்லலீங்க. சொன்னா தாங்கமாட்டாளுங்க. வியாழக்கெழம காலைல நானே வந்தர்றனுங்க." ஈரத்துணி கையிலிருந்து சொட்டச் சொட்ட அவள் அப்படியே நின்றாள். அவர் குரலில் இருந்த 'ங்க'வைப் பிடித்துக்கொண்டு ராத்திரி பூராவும் தொங்கினாள். மரியாதையாகப் பேசுகிறார் என்றால் யாரோ பெரிய ஆள்தான், பொம்பளை இல்லை என்று ஒரு நிமிஷம் நிம்மதி வரும். மறுநிமிஷமே அது போய்விடும். இந்த ஊரில் 'ங்க' போடாமல் யாரைக் கூப்பிடுகிறார்கள்? கன்றுக்குட்டியைக்கூட, "வாங்க சாமி, தண்ணி குடிங்க" என்று கொஞ்சுகிற ஊர். வைப்பாட்டியாக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவான். சொன்னா தாங்கமாட்டாளுங்க. எதைத் தாங்கமாட்டாள்? சரக்கு மூட்டை மாதிரி இந்த உடம்பு எதைத்தான் தாங்கவில்லை, அதைச் சொல்லட்டும் முதலில்.

ஒருவேளை அப்படி ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். வெறுமனே அவளைப் பார்த்து அவருக்கு வெட்கமாக இருக்கலாம். அது இன்னும் மோசம் என்று தோன்றியது. ஆவணியில் காங்கேயத்தில் நடந்த கல்யாணத்தில் அவருடைய அக்கா எல்லோருக்கும் முன்னால், "ஏனம்மிணி, தம்பி சோத்தையும் சேத்து நீதான் உங்கறயா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கலாமணியும் சிரித்தாள், வேறென்ன செய்வது, வாயில் லட்டு இருந்தது. அவர் சிரிக்கவில்லை. எழுந்து கைகழுவப் போய்விட்டார். அப்போது அது அவளுக்குப் பெருமையாக இருந்தது, தனக்காகக் கோபப்படுகிறார் என்று. இப்போது நினைத்தால் வெட்கப்பட்டுத்தான் எழுந்தாரோ என்று படுகிறது. பந்தியை விட்டு எழுந்த மனுஷன் கொஞ்ச நேரம் கண்ணிலேயே படவில்லை. தேடிப் போனபோது மண்டபத்துக்குப் பின்னால் படிக்கட்டில் வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தார், "கூட்டம், காத்தே இல்ல" என்றார். யாழினி வேறு கோயமுத்தூர் ஹாஸ்டலிலிருந்து முந்தாநாள் போன் பண்ணி, "அம்மா, அப்பா கூப்புட்டா முடியாதுன்னு சொல்லாதீங்க, தெனமும் கூடப் போங்க" என்றாள். மாசக்கணக்கில் அம்மா சாப்பிட்டாளா என்று கேட்காத மகள். அப்பனும் மகளும் என்ன பேசி வைத்திருக்கிறார்கள்? அம்மா குண்டாயிட்டா, நாளைக்குச் சம்பந்தி வீட்டார் என்று வந்தால் என்ன நினைப்பார்கள் என்றா? பெற்று வளர்த்த வயிறுதானே இது, இவளைச் சுமந்து தொங்கினதுதானே. கண்ணில் கரித்தது. வேர்வை என்று சொல்லிக்கொண்டு துடைத்தாள். பின்னால் இருந்து அவருடைய ஷூச் சத்தம் வருகிறதா என்று காதை வைத்துக் கேட்டாள். மண் தரையில் எத்தனையோ கால்கள் நடந்தன, எது அவருடையது என்று பிரித்தெடுக்க முடியவில்லை. முதுகைத் தெரிந்த அளவுக்கு அவருடைய காலடியை அவளுக்குத் தெரியவில்லை.

திரும்பிப் பார்க்கலாம். பார்த்தால் என்ன? ஆனால் சும்மா திரும்பினால் அவர் உஷாராகிவிடுவார், ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். வேகமாகப் போக வேண்டும். இவள் தொலைந்தாள் என்கிற தைரியத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு, மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போய், சட்டென்று திரும்ப வேண்டும். அங்கிருந்து பார்த்தால் மொத்தமும் தெரியும். கலாமணி சேலைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினாள். ஆத்திரம்தான் நடக்க வைத்தது. அக்காக்காரிமேல் ஆத்திரம், ஒட்டின வயிற்றுமேல் ஆத்திரம், உப்பில்லாத கஞ்சிமேல் ஆத்திரம். ஆனால் கொஞ்ச தூரம் போனதும் ஒரு வேடிக்கை நடந்தது. மூச்சு வாங்கவில்லை. கால்கள் தாமாகப் போயின. மெஷின் பெடலை மிதித்து மிதித்து உரமேறின கால்கள், இத்தனை நாளும் உட்கார்ந்த இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்த கால்கள், அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி போயின. கைதேய்க்கிற பெரியவரைத் தாண்டினாள். பள்ளிக்கூடக் கட்டடத்துப் பின்னாலிருந்து வெயில் எட்டிப் பார்த்து முகத்தில் அடித்தது, நல்லாத்தான் இருந்தது. இந்த உடம்பையா எல்லோரும் சேர்ந்து இத்தனை பேச்சுப் பேசினார்கள்? அவளுக்குச் சிரிப்பு வந்தது. சந்தேகம் மறந்துகூடப் போயிருக்கும். அதற்குள் பக்கத்தில் காலடி கேட்டது. ரோஸ் கால்சட்டை.

"அக்கா, என்னுங்க இந்த ஓட்டம் ஓடறீங்க. என்னாலயே புடிக்க முடியல" என்றாள் ஹேமலதா. மூச்சு இரைக்க இரைக்கச் சிரித்தாள். இவள் இங்கே, தன் பக்கத்தில் இருக்கிறாள். அப்படியென்றால் அவர் அங்கே யாரோடு இருக்கிறார்? "சித்த மெதுவாப் போங்கக்கா. சார் பாவம், அங்கயே நின்னுட்டாருங்க. ஆபீஸ்லயும் மாடிப்படி ஏறறப்ப நடுவால நடுவால நின்னுதான் வர்றாரு. கேட்டா, போன் வந்துச்சும்பாரு. நாங்கெல்லாம் கீழயே டேபிள் போட்டுக் குடுத்தர்லாம்னு பேசிட்டிருக்கறோம், சார் உங்ககிட்டச் சொல்லியிருப்பாருன்னுதான் நெனச்சேன்..." சொல்லிக்கொண்டே வந்தவள் கலாமணியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "ஏனக்கா, உங்களுக்குத் தெரியாதுங்களா?"

கலாமணி திரும்பினாள். மைதானம் முழுசும் தெரிந்தது, அவள் திட்டம் போட்டபடியே. அந்தக் கோடியில் கால்பந்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குழந்தைவேலு நின்றார். ஒரு கையால் அல்ல, ரெண்டு கையாலும் பிடித்திருந்தார், பஸ்ஸில் கூட்டத்தில் நிற்கிறவர் மாதிரி. நெற்றி கம்பத்தில் ஒட்டியிருந்தது. அவள் பார்ப்பது அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. உடனே நிமிர்ந்தார். ஒரு காலைத் தூக்கிப் பின்னால் மடக்கினார், இறக்கினார், மறுகாலைத் தூக்கினார், பயிற்சி செய்கிறாராம். ஒரு கையை மட்டும் எடுத்து, போ போ என்று அவளைப் பார்த்து ஆட்டினார். சிரித்தார்கூட. ஆட்டின கையைச் சீக்கிரமாகக் கம்பத்துக்கே கொண்டுபோய்விட்டார். காற்றில் அவருடைய சட்டை உப்பி அடங்கியது. அந்தச் சட்டைக்குள் எவ்வளவு ஆள் குறைந்திருக்கிறது என்று அவள் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ரெண்டு விரலை நுழைத்துப் பார்த்தாளே, அப்போது தெரியாத கழுத்து, இவ்வளவு தூரத்திலிருந்து இப்போது தெரிந்தது. உடம்பைப் பார்த்தே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறவளாம், ஊரே மெச்சுகிறதாம். த்தூ.

நடுவில் விளையாடுகிற பிள்ளைகளையெல்லாம் விலக்கிக்கொண்டு குறுக்கே போனாள். கிட்டப் போனதும், "காலு மரத்துப்போச்சு, வேறொண்ணுமில்ல" என்றார் அவர். உதடு சாம்பல் பூத்திருந்தது. மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது, இந்தக் குளிர்ந்த காலையில்.

"வியாழக்கெழம எங்கீங்க போறீங்க?"

"எந்த வியாழக்கெழம?"

"ஏனுங்க, என்றகிட்டப் பேசாதீங்க இந்தப் பேச்சு."

அவர், குழம்பில் உப்பில்லை என்பதைச் சொல்லத் தெரியாமல் விட்டத்தைப் பார்ப்பாரே, அதே மாதிரி வானத்தைப் பார்த்தார். "நெஞ்சுல அடைப்பு இருக்கும்போல. வியாழக்கெழம ஆஸ்பத்திரில கொழா உட்டுப் பாத்தாத்தான் தெரியும்கறாங்க. மெதுவா நடக்கச் சொன்னாங்க. தனியா மட்டும் போவாதீங்க, யாராச்சும் கூட இருக்கோணும்னாங்க." நிறுத்தி மூச்சு வாங்கினார். "தீவாளி வேலைல கெடக்கறயே, உன்றகிட்டச் சொல்லி என்ன... அதான் ஷூ வாங்குனேன்."

"அப்பறம் என்னத்துக்குங்க என்னிய முன்னால போகச் சொன்னீங்க?"

"நான் முன்னால போனா, நிக்கறப்பல்லாம் நீ பாத்துருவயல்லோ" என்றார் குழந்தைவேலு.

அவரோடு சேர்ந்து தானும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். இரும்பு சில்லென்றிருந்தது. தூரத்தில் ஹேமலதா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வரலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். அழகாகத்தான் இருந்தாள். ராத்திரியெல்லாம் படுக்கையில் புரண்டு புரண்டு கட்டின கோட்டை அது, நல்ல கோட்டை, அதில் அவர் இருந்தார், முழுசாக, கெட்டியாக, அவளுக்குத் துரோகம் செய்துகொண்டு, பல வருஷம் இருப்பார். வயிறெரிந்து சண்டை போடலாம், சட்டியை உடைக்கலாம், அம்மா வீட்டுக்குப் போய்விடலாம், திரும்பியும் வரலாம். திரும்பி வந்தால் வாசலில் இருப்பார். அந்தக் கோட்டைக்குள்ளேயே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் போல அவளுக்கு இருந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. வாழ்நாளில் இப்படி ஒரு பயம் பயந்ததில்லை.

"ஏனுங்க" என்றாள். குரல் யாருடையதோ மாதிரி வந்தது. "ஒரு பொம்பளையோட சகவாசம்னு சொல்லுங்க. அதானே? அதுக்குத்தானே எளைக்கறீங்க?"

"என்ன பேசறே நீ?"

"அந்த ஹேமலதான்னே சொல்லுங்க. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். சத்தியமாக் கேக்கமாட்டேன். புள்ளைகிட்டக்கூடச் சொல்லமாட்டேன்."

அவர் பயந்துபோய் அவள் கையைப் பிடித்தார். நாலு பேர் பார்க்கிற இடத்தில் அவர் அவள் கையைத் தொட்டதே இல்லை. கைதேய்க்கிற பெரியவர் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அவர்களையே பார்த்தார்.

"ஆமான்னு சொல்லுங்க" என்றாள் கலாமணி. "ஒரே ஒரு தரம். ஆமான்னு சொல்லிருங்க."